மேட்டுச் செம்மறிகளும் உப்பு வைக்கோலும்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரங்கூன் லான்மடாவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அதற்குப் பிறகு இந்தக் கை கயிறும் வைக்கோலும் பிடித்த கை. வரி மேலே ஏறும், கீழே இறங்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நானாக இதை எழுத உட்காரவில்லை. ரங்கூன் ஆற்றுக்கு அப்பால் த்வாண்டேயில் வயல் வைத்திருக்கும் ஒரு அக்கா எழுதச் சொன்னார். அங்கே புதிதாக வந்த ஊர்த் தலைவர், மேட்டில் திரியும் செம்மறிகளைப் பார்த்துவிட்டு, "இவை யாருடையவை, ஏன் யாரும் பிடிப்பதில்லை" என்று கேட்டாராம். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி அவரைக் குழப்பிவிட்டார்கள். "நீதானே எல்லாத்துலயும் கூட நின்னவன். தமிழ்லயே எழுது தம்பி, நான் அவருக்குப் பர்மாவுல படிச்சுச் சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா. எனக்குப் பேச்சு வராது என்பது அவருக்குத் தெரியும்.

பேச்சு வராது என்றால் ஊமை இல்லை. கூச்சம். ரங்கூன் சாயாக்கடைகளில் உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினால்தான் பரிமாறுகிறவர் திரும்பிப் பார்ப்பார். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தச் சத்தத்தை நாலு பேர் நடுவில் என்னால் எழுப்ப முடிந்ததில்லை. அவராகப் பார்க்கும்வரை உட்கார்ந்திருப்பேன். "நீங்க பேசுற அளவுக்கு நீங்க அடுக்குற பானையே பேசும்" என்பாள் என் மனைவி.

போன வருஷம் வரை பானை அடுக்குவதுதான் என் வேலை. ரங்கூனின் போட்டாதாங் படித்துறையிலிருந்து த்வாண்டேக்குப் போய்வரும் ஒரு சரக்குத் தோணியில் இருந்தேன். தோணியை நடத்துகிறவரை நாங்கள் தண்டல் என்போம். எங்கள் தண்டல் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நல்ல வாய்க்காரர். ரங்கூனிலிருந்து போகும்போது உப்பு மூட்டையும் நாப்பி என்கிற மீன் விழுதுச் சாடிகளும் ஏற்றுவோம். திரும்பும்போது த்வாண்டேச் சூளைகளில் சுட்ட பானைகளும் பெரிய மெருகுச் சாடிகளும் வரும். பானைக்குப் பானை வைக்கோல் செருகி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்க வேண்டும். என் அடுக்கில் விரிசல் விட்ட பானை அபூர்வம். என்னைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

போகும்போதும் வைக்கோல் வேண்டும். தோணியின் அடியில் கசியும் தண்ணீர் உப்பு மூட்டையில் ஏறாமல் இருக்க, கீழே வைக்கோலைத் தடிமனாகப் பரப்பிவிடுவேன். மழைக்காலத்துக் காற்றில் மூட்டைகள் வியர்க்கும். வியர்வை வைக்கோலில் இறங்கும். த்வாண்டே போய்ச் சேரும்போது அது சொதசொதவென்று இருக்கும். ஈர வைக்கோலில் பானை அடுக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு நடைக்கும் பழையதை வாரி எறிந்துவிட்டுச் சூளைக்காரர்களிடம் காய்ந்த வைக்கோல் வாங்குவோம்.

முன்பெல்லாம் ஓடையிலேயே எறிந்துவிடுவோம். ஓடை அடைத்துக்கொள்கிறது என்று சூளைக்காரம்மா சத்தம் போட்டார். அறுபது வயது பர்மிய அம்மா. வாயில் எப்போதும் சுருட்டு. நாங்கள் அவரை அடோ என்று அழைப்போம், அத்தை என்கிற மாதிரி. அவர் என்னை மாங் என்பார், தம்பி என்கிற மாதிரி. "மாங், ஓடையில போடாதே. அந்த வரப்பு முக்குல குவிச்சு வை, மக்கினா உரமாகும்" என்று கைகாட்டினார். கைகாட்டிய இடம் அக்காவின் நாற்றங்காலுக்கு அடுத்த வரப்பு. அன்றிலிருந்து நான் அங்கேதான் குவித்துவந்தேன்.

இனி ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

த்வாண்டேப் பக்கம் வயலெல்லாம் தட்டையாக இருந்தாலும், நடுவே செம்மண் கல் மேடு ஒன்று நீளமாகப் போகிறது. புதரும் முள்ளும் மூங்கிலுமாக இருக்கும். அங்கே செம்மறிகள் திரிந்தன. கம்பளி இல்லாத, பழுப்பு நிறத்து, நீண்ட கால் செம்மறிகள். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து கப்பலில் வந்த இனம். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் இந்தியர்கள் எல்லாம் நடந்தே நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள் அல்லவா, அப்போது அக்காவின் அப்பாவும், கட்டிக்கொடுத்த மகளை இங்கே விட்டுவிட்டு, கிளம்பினார். அவர்தான் அங்கே பட்டி வைத்திருந்தவர். கிளம்பும் அன்று காலையில் பட்டிப் படலைத் திறந்துவிட்டுப் போனார். திரும்பவில்லை. வழியில் எங்கே முடிந்துபோனார் என்பதும் தெரியவில்லை. திறந்த படலிலிருந்து வெளியேறிய ஆடுகள் மேட்டில் ஏறி, குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் குட்டி போட்டு, மனிதர் கை படாத காட்டு ஆடுகளாகிவிட்டன. அக்கா ஒருமுறை அப்பா கூப்பிடும் மாதிரியே நாக்கைச் சுழற்றிக் கூப்பிட்டுப் பார்த்தாராம். கல்லெறிந்த மாதிரி தலைதெறிக்க ஓடினவாம். "மறந்துபோச்சுங்க தம்பி. அதுங்கமேல தப்பில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

வெகுநாள் அவற்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அறுபத்தைந்தாம் வருஷம் மழை தொடங்கியபோதுதான் கெட்டது. அக்கா விதைத்த நாற்றங்காலில் ஆடுகள் இறங்கி மிதித்துத் துவைத்துவிட்டன. அக்கா மறுபடி விதைத்தார். விரல் உயரம் வந்ததும் மறுபடி இறங்கின. பாதி போய்விட்டது. அக்காவின் வீட்டுக்காரர் நெல் ஆலையில் வேலைக்குப் போகிறவர், வயல் முழுக்க அக்காவின் பொறுப்பு. விதைநெல் அதோடு தீர்ந்தது. மிச்சம் இருக்கும் பாதி நாற்றும் போனால் அந்த வருஷம் நடவு கிடையாது. நடவு இல்லாத நிலத்தைச் சர்க்கார் அவரிடம் விட்டுவைக்குமா என்பதும் நிச்சயமில்லை. பக்கத்து வயல்காரர்கள் இருவருக்கும் கொஞ்சம் சேதம். அவர்கள் அக்காவிடம்தான் வந்து நின்றார்கள். "உங்க அப்பா ஆடு எங்க நாத்தைத் தின்னுது" என்றார்கள். அக்காவால் அதை மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விஷயம் முடிவாகியிருந்தது. மறுநாள் காலை ஊர்க்கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வேட்டை. ஓடைப் பக்கம் மீன்வலை கட்டி, மேட்டிலிருந்து தகரம் தட்டி ஆடுகளை இறக்கிப் பிடித்துவிடுவது. ஒன்றுவிடாமல்.

தண்டலுக்கு வாயெல்லாம் பல். பிடித்த ஆடுகளை நம் தோணியில் போட்டாதாங் கொண்டுபோவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்.

"பானையை விட்டுத் தள்ளுடா. இந்த நடை கறி நடை. நீ அடுக்குற அழகுக்கு ஆட்டையும் வைக்கோல் வெச்சு அடுக்கிடுவே."

நான் அக்காவைப் பார்க்கப் போனேன். நாற்றங்கால் ஓரம் உட்கார்ந்து, சாய்ந்த நாற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"சம்மதம் சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லாம? என் நாத்து போச்சு, அவங்க நாத்தும் போச்சு. அப்பா ஆடுன்னு கட்டிக்கிட்டு அழ முடியுமா?" என்றவர், இன்னொரு நாற்றை நிமிர்த்திவிட்டு, "ஒரு துண்டு கறி என் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு மட்டும் சொல்லியிருக்கேன்" என்றார்.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. தோணி ஓடையில் கட்டிக் கிடந்தது. நான் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, மேட்டிலிருந்து ஆடுகள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தேன். ஏழு ஆடுகள். முன்னால் ஒற்றைக் கொம்புக் கிடா ஒன்று. இன்னொரு கொம்பு அடியோடு முறிந்திருந்தது. நாற்றங்காலை நோக்கித்தான் வந்தன. கத்தி விரட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வழக்கம்போலச் சத்தம் வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

அவை நாற்றங்காலில் நிற்கவில்லை. குறுக்கே நடந்தன. போகிற போக்கில் ஒன்றிரண்டு வாய் கடித்தன, அவ்வளவுதான். நேரே வரப்பு முக்குக்குப் போய், நான் குவித்த வைக்கோலைச் சுற்றி நின்று நக்க ஆரம்பித்தன. தின்னவில்லை, நக்கின. கிடா முன்னங்காலால் குவியலைக் கிளறிக் கிளறி அடி வைக்கோலை எடுத்தது. ஒரு தாய் ஆடு கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. பக்கத்தில் பச்சை நாற்று இருக்க, அழுகிய வைக்கோலுக்கு இத்தனை ஆசையா என்று எனக்கு விளங்கவில்லை.

வெயில் ஏறியதும் அவை வந்த வழியே போயின. நான் போய் ஒரு வைக்கோலை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேட்டில் செம்மண் கல்லைத் தவிர ஒன்றும் கிடையாது. மாட்டுக்கு நாம் தவிட்டில் உப்புப் போட்டு வைக்கிறோம். அந்த ஆடுகளுக்கு யார் வைப்பார்கள்? இந்த வருஷம் உப்பு நடை அதிகம். நடைக்கு நடை நான்தான் வைத்திருக்கிறேன், நாற்றங்காலைத் தாண்டிப் போகிற இடமாகப் பார்த்து. அக்காவின் இரண்டு விதைப்பையும் ஆடு அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

இதைச் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. சொல்ல முடியாது என்பதும் உடனே தோன்றியது. சொன்னால் நஷ்டம் என் தலையில் விழும். அது இந்தியர்கள் நிறையப் பேர் ஊர் திரும்பக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். எங்கே போனாலும் பத்துப் பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு வருவதுதான் பத்திரம் என்று இருந்தவன் நான். ஒரு கற்றை வைக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தண்டலிடம் சொல்லிப் பார்த்தேன்.

அவர் வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"இல்லண்ணே."

"கேக்காதப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. இன்னிக்கும் அப்படியே இரு."

கூட்டம் ஊர்ப் புத்த மடத்தில் நடந்தது. பர்மியச் சூளைக்காரர்கள், தமிழ் வயல்காரர்கள் என்று முப்பது பேர் இருப்பார்கள். தலைவர் நடுவில். அவரை எல்லோரும் ஊலே என்றுதான் கூப்பிடுவார்கள், சித்தப்பா என்கிற மாதிரி. நல்ல மனிதர், சீக்கிரம் முடித்துவிட்டு வயலுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். யார் வலை, யார் தகரம் என்று பேச்சு ஓடியது. அக்கா ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

ஒருவர் சொன்னார்: "சாப்பாட்டுக்கு மேல மிஞ்சினதைத்தான் ரங்கூனுக்கு அனுப்பணும். முதல்ல நம்ம ஊர் தின்னட்டும்."

இன்னொருவர்: "எப்படியும் கலாக்காரங்க ஒவ்வொருத்தரா கப்பலேறுறாங்க. ஆட்டை யாருக்காக விட்டுவைக்கிறது?"

கலா என்றால் இந்தியர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாட்டில் நடப்பதைத்தான் சொன்னார். ஆனாலும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பிய பக்கம் நான் நின்றேன். என்னையும் அறியாமல் நடந்து, கையில் இருந்த வைக்கோல் கற்றையை ஊலேயின் முன்னால் பாயில் வைத்தேன்.

"என்ன இது?"

பேச வந்தேன். பர்மாப் பேச்சு எனக்குத் தமிழைவிடச் சரளம்தான், ஆனால் எந்தப் பேச்சும் வரவில்லை. கடைசியில், "நாக்குல வெச்சுப் பாருங்க" என்றேன்.

மடம் முழுக்கச் சிரிப்பு. "ஊலே, உங்களை ஆடாக்கப் பாக்கிறான்" என்றார் ஒருவர். தண்டல் பின்னாலிருந்து, "விடுங்க ஊலே, ராத்திரி தோணியில தூக்கமில்ல, பையனுக்குத் தலை சுத்துது" என்றார். நாற்பது தாண்டிய வயதில் நான் பையன்.

ஊலே என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஒரு வைக்கோலை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். "உப்பு" என்றார்.

அதற்குப் பிறகு வார்த்தை வந்தது. கோர்வையாக வந்தது என்று சொல்லமாட்டேன். தோணியின் அடி, மூட்டையின் வியர்வை, வரப்பு முக்கு, காலையில் கண்டது எல்லாம் முன்பின்னாகச் சொன்னேன். "நாத்து போனதுக்கு ஆடு காரணமில்ல. நான்தான்" என்று முடித்தேன். வைக்கோல் கற்றை கைக்குக் கை போயிற்று. சிரித்தவர்களும் ஒவ்வொரு துண்டு வாயில் வைத்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அங்க போடச் சொன்னது நான்" என்றார் அடோ, சுருட்டை எடுக்காமலே. "பழியை அவன் ஒருத்தனே தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம். பாதியை இங்க வைக்கட்டும்."

ஊலே யோசித்தார். "வைக்கோலை எடுத்துட்டா ஆடு வராதா?"

"மேட்டுலயே உப்புக் கிடைச்சா வராதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"நினைக்கிறேன்."

"சரி. திங்கட்கிழமை காலை வரைக்கும் வலை கட்ட வேண்டாம். அதுக்குள்ள நாத்தங்கால்ல குளம்பு பட்டா, அன்னிக்கே வேட்டை."

தண்டல் எனக்காகக் காத்திருக்கவில்லை. இருந்த பானைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். "நீ அடுக்காத பானை, உடைஞ்சா உன் பேர்தான் சொல்லுவேன். ரங்கூனுக்கு நடந்தே வா" என்று ஓடை திரும்பும்வரை கத்திக்கொண்டே போனார்.

வேலை என்னவோ எனக்குத் தெரிந்த வேலைதான். சூளையில் கோணிப்போன, விரிசல் விட்ட சாடிகள் அடோவிடம் மலையாகக் கிடந்தன. அவற்றைக் காவடியில் கட்டி மேட்டுக்குச் சுமந்தேன். புதர் ஓரத்தில் படுக்கப் போட்டேன். அந்தப் பருவத்தில் மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆகவே சாடியின் வாய் கிழக்கே பார்க்கும்படி வைத்து, உருளாமல் கல் முட்டுக் கொடுத்து, உள்ளே வைக்கோலைத் திணித்தேன். இப்படி வைத்தால் மழை உப்பைக் கழுவாது, ஆடு தலையை நீட்டி நக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் நடையில் திரும்பிப் பார்த்தால், கூடை நிறைய வைக்கோலோடு அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க எதுக்கு?"

"எடு, இறக்கி வை. கழுத்து வலிக்குது."

இறக்கி வைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்மேல கோபமில்லையாக்கா?"

"இருக்கு. ரெண்டு விதைப்பு தம்பி. கோபம் இல்லாம இருக்குமா? அதையும் இந்தக் கூடையோட சேத்துத்தான் சுமக்கிறேன். நீ அந்தச் சாடியைச் சரியா வை, ஆடுது."

நான் சாடியைச் சரியாக வைத்தேன்.

அடுத்த சாடிக்கு வைக்கோலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அவராகவே பேசினார். "எல்லாரும் கப்பலுக்குப் பேர் குடுத்தாச்சான்னு கேக்கிறாங்க. எங்கப்பா படலைத் திறந்துட்டுப் போனார். நான் எதையும் திறந்து போட்டுட்டுப் போறதா இல்ல."

அன்றும் மறுநாளும் சேர்த்துப் பதினைந்து சாடிகள் வைத்தோம். வரப்பு முக்கைச் சுரண்டி, மண்ணையும் கொஞ்சம் வாரிக் கொண்டுபோய் மேட்டில் கொட்டினோம். நாற்றங்காலைச் சுற்றி முள் வெட்டிப் போட்டோம், முக்கால்வாசிதான் முடிந்தது. சூளைக் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். அடோ சோறு போட்டார். நாப்பியில் உப்புக் கரிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நாள் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நாற்றங்காலில் ஒரு குளம்பும் இல்லை. மேட்டில் சாடிகளைச் சுற்றி மண் குழைந்திருந்தது. நாலு சாடியில் வைக்கோல் வெளியே இழுபட்டுக் கிடந்தது. கண்டுபிடித்துவிட்டன. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அக்காவும் வரப்பில் நின்றபோது ஒற்றைக் கொம்புக் கிடா தனியாக இறங்கி வந்தது. முள் போடாத பக்கமாக நுழைந்து, நாற்றைத் தாண்டி, வைக்கோல் இருந்த வெற்றிடத்தில் நின்றது. முகர்ந்தது. காலால் கிளறியது. ஒன்றும் இல்லை என்றதும் திரும்பி, போகிற போக்கில் நாற்றில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போயிற்று. எங்களைத் தவிர அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஈர மண்ணில் குளம்புகள் வரிசையாகப் பதிந்திருந்தன. உள்ளங்கையால் தடவினால் மறைந்துவிடும் மண்.

நான் அந்தத் தடத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"வேணாம் தம்பி" என்றார். "நீ உன் தப்பைச் சொல்லித்தான் மூணு நாள் வாங்கினே. அதை நான் பொய் சொல்லிக் கெடுக்க மாட்டேன்."

திங்கட்கிழமை மடத்தில் அக்காவே எழுந்து சொன்னார். "ஒண்ணு வந்தது. ஒத்தைக் கொம்பு. ஒரு வாய் கடிச்சது. மத்தது ஒண்ணும் வரல."

உடனே பேச்சுக் கிளம்பியது. பக்கத்து வயல்காரர், "பாத்தீங்களா, வந்துடுச்சே" என்றார். "ஏழு வந்த இடத்துல ஒண்ணுதானே" என்றார் இன்னொருவர். "நாத்து பெருசானா மத்ததும் வரும்." "வந்தா அவங்க அப்பா ஆடுதானே, அவங்க குடுக்கட்டும்." ஊலே கையை உயர்த்தியும் அடங்கவில்லை. அவர் சொன்ன சொல்படி பார்த்தால் வேட்டைதான். அவர் முகத்தில் விருப்பமில்லை, ஆனால் சொல்லைத் தாண்டவும் வழியில்லை.

அடோ சுருட்டை எடுத்துத் தரையில் அணைத்தார். அவர் சுருட்டை அணைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"அப்பா ஆடு, அப்பா ஆடுன்னா என்ன அர்த்தம்? அந்த மனுஷன் கிளம்பின அன்னிக்கு நான் இந்த வழியிலதான் நின்னேன். கறிக்கடைக்காரன் ஒருத்தன் வந்து, எல்லாத்தையும் நான் எடுத்துக்கிறேன், வழிச்செலவுக்கு ஆகும்னு கேட்டான். மாட்டேன்னுட்டார். தன் கையால படலைத் திறந்தார். ஒவ்வொண்ணா வெளியே போற வரைக்கும் நின்னார். அப்புறம்தான் மூட்டையைத் தூக்கினார். நாம புத்தர் நாள்ல மீனை வாங்கி ஆத்துல விடுறோமே, மாட்டை மீட்டு விடுறோமே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

பர்மியர்களிடம் இந்த வழக்கம் உண்டு. சாகப்போகிற உயிரை மீட்டு விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட உயிர் பிறகு யாருடையதும் அல்ல. விட்டவருக்கே அதில் பாத்தியதை கிடையாது. அதை அறுக்கிறவன் கையிலிருந்து ஊரில் யாரும் தண்ணீர் வாங்கமாட்டார்கள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. கறிக்கடைக்காரன் வந்து கேட்டது அவருக்கே தெரியாது என்பது பிறகு தெரிந்தது. அப்போது அவர் உள்ளே அப்பாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஊலேவுக்கு வழி கிடைத்துவிட்டது. தொண்டையைச் செருமினார். "விட்ட உயிர்னா வேட்டை கிடையாது. அவ ஆடும் கிடையாது, அதனால அவளை யாரும் இனிமே கேக்கக் கூடாது. முள்வேலி எல்லாரும் சேந்து போடணும். சாடி அடோ குடுக்கணும். உப்பு வைக்கோல்..." என்று என்னைப் பார்த்தார்.

"நான் சுமக்கிறேன்."

"நடைக்கு நடை?"

"நடைக்கு நடை."

பக்கத்து வயல்காரர்கள் இருவரும் தங்கள் நாற்றங்காலில் மிஞ்சும் நாற்றை அக்காவுக்குத் தருவதாகச் சொன்னார்கள். அதில் ஒருவர், "உங்க அப்பா ஆடு" என்று வந்து நின்றவர். அந்த வருஷம் அக்கா முழுவதும் நடவில்லை, முக்கால் நிலம்தான் நட்டார். ஆனால் நட்டார்.

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. அடுத்த கோடையில் மேட்டில் தண்ணீர் வற்றி, ஆடுகள் ஒருவரின் வெள்ளரித் தோட்டத்தில் இறங்கின. அதற்குப் பிறகு சில சாடிகளை நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம். அந்தத் தண்ணீரை ஊற்றுவது வெள்ளரிக்காரர் வீட்டார்தான். வெளியூர்க்காரர்கள் இருவர் நாய்களோடு வந்தபோது சூளை ஆட்களே வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒற்றைக் கொம்புக் கிடா ஒரு மழைக்காலத்தில் காணாமல் போயிற்று.

போன வருஷம் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தோணியை விட்டுவிட்டுப் போட்டாதாங்கில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலை பார்க்கிறேன். இனி வைக்கோலை யார் சுமப்பது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. போன மாதம் லீவு கேட்டு, பழைய தோணியிலேயே த்வாண்டே போனேன். ஓடையில் கட்டியதும், தண்டல் ஈர வைக்கோலைக் கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

"என்னடா பாக்கிறே? ஆளில்லாத ஆட்டுக்கு வேலைக்காரனா என்னை வெச்சுட்டுப் போயிட்டே. ஊலே வேற ஒவ்வொரு நடையும் வந்து நின்னு பாக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே சாடியின் வாயைத் தொட்டு, கிழக்கே சரியாகத் திருப்பி வைத்தார்.

இப்போதிருக்கும் ஊலே புதியவர். அவர் நின்று பார்த்ததன் காரணம் அன்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியும் அவருடையதுதான்.

அக்காவின் வயலில் நடவு முடிந்து பயிர் முழங்கால் உயரம் இருந்தது. நாங்கள் மூங்கில் புதர் ஓரம் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஆடுகள் வந்தன. இருபது வரை எண்ணினேன், பிறகு புதருக்குள் எண்ண முடியவில்லை. ஒரு குட்டி முழுத் தலையையும் சாடிக்குள் விட்டுக்கொண்டு வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, அப்பா கூப்பிடும் மாதிரி நாக்கைச் சுழற்றி மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தார். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பக்கத்தில் வரவில்லை. ஓடவும் இல்லை. மறுபடி குனிந்து நக்கின.

புதிய தலைவருக்கு அக்கா சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்த ஆடுகள் யாருடையவையும் அல்ல. அவற்றை மனிதர் ஒருவர் தன் கையால் திறந்துவிட்டார். நாற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் உப்பு மேட்டில் இருக்க வேண்டும்.

1969 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, போட்டாதாங்.